தூலம் அறுத்த நாள்

முதுகைத் துடைப்பதற்காகத் திர்சா தன் அப்பாவை இடது பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தபோது முதல் அடி கேட்டது. மரத்தின்மேல் மரம் மோதுகிற சத்தம். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. அவள் கை நின்றுவிட்டது.

"வந்துட்டானுங்க," என்றார் எஃப்ரெய்ம் கெர்சி, முகம் தலையணையில் அழுந்தியிருக்க.

"யாருப்பா?"

"போய்ப் பாரு. முதல்ல முதுகை முடி. பாதியில விட்டுட்டு ஓடாதே."

அவள் முடித்தாள். இடுப்பெலும்புக்கு மேலே புண் ஒரு கிண்ணத்தின் வாய் அளவுக்கு விரிந்திருந்தது. களிம்பு தடவி, துணி வைத்து, சட்டையை இழுத்துவிட்டு, மறுபடியும் அவரை மல்லாக்கப் படுக்க வைத்தாள். எண்பத்தோரு வயது. கால்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷமும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டியது அவள்தான். இந்த வாரமோ அடுத்த வாரமோ என்று டாக்டர் திங்கட்கிழமை வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மாடிப்படி, புகைபோக்கியின் செங்கல் சுவரைச் சுற்றிச் சுற்றி இறங்கும். ஒரு தோளை முன்னால் விட்டு, பக்கவாட்டில்தான் இறங்க முடியும். அவள் இறங்கிச் சமையலறை வழியாக முற்றத்துக்கு வந்தாள்.

முற்றத்தில் ஒரு லாரி நின்றது. ஆறு ஆட்கள். களஞ்சியத்தின் கூரைமேல் இரண்டு பேர் உட்கார்ந்து ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் களஞ்சியம் வீட்டைவிட நூறு வருஷம் மூத்தது. கோதுமை ஏற்றிய வண்டி இரண்டு குதிரைகளோடு ஒரு கதவில் நுழைந்து, நடுவில் கதிரடிக்கும் தளத்தில் பாரத்தை இறக்கிவிட்டு, எதிர்க் கதவில் வெளியேறலாம். அவ்வளவு உயரம், அவ்வளவு அகலம். உள்ளே இரண்டு வரிசையில் ஓக் மரத் தூண்கள். தூண்களை இணைத்து மேலே ஐந்து பெரிய தூலங்கள். ஒரு இரும்பாணி கிடையாது. எல்லாம் ஒரு மரத்தின் துளையில் இன்னொன்றின் நாக்குப்போன்ற முனையை நுழைத்து, மரமுளை அடித்து இறுக்கியது. நடக்க முடிந்த காலத்தில் எஃப்ரெய்ம் தினமும் சாயங்காலம் உள்ளே போய் ஒவ்வொரு தூணையும் உள்ளங்கையால் தொட்டுவிட்டு வருவார். மூன்று பிள்ளைகளில் ஒருவர் தலையையும் அவர் அப்படித் தொட்டதில்லை.

தலைமைத் தச்சன் ஆட்கின் அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். ஐம்பது வயதிருக்கும். மீசையெல்லாம் மரத்தூள்.

"மன்னிக்கணும்மா. கதவைத் தட்டினேன், யாரும் வரலை. பெரியவர் எப்படி இருக்காரு?"

"என்ன பண்றீங்க நீங்க?"

ஆட்கின் கூரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "உங்களுக்குச் சொல்லலையா?"

"எதை?"

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, அதைக் கொடுக்கலாமா என்று யோசித்துவிட்டுக் கொடுத்தான். அடியில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. நடுங்கியிருந்தாலும் அவருடையதுதான். ஆகஸ்ட் மாதத் தேதி. ஆகஸ்டில் லண்டனிலிருந்து ஒரு கனவான் வந்திருந்தார். பழைய கட்டடங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மாடிக்கு டீயும் ஆப்பிள் கேக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது அவள்தான். கேக் நன்றாக இருக்கிறது என்று அவர் இரண்டு முறை சொன்னார்.

"அமெரிக்காவுல ஒரு பெரிய மனுஷன், ஆத்தோரமா இடம் வாங்கியிருக்காராம்," என்றான் ஆட்கின். "இதை அப்படியே கொண்டுபோய் அங்க நிறுத்தப்போறாங்க. ஒரு துண்டு விடாம நம்பர் போடறோம். ஒரு முளையைக்கூட உடைக்காம அடிச்சு எடுக்கணும்னு உங்கப்பா எழுதி வாங்கியிருக்காரு."

"வீடுன்னு போட்டிருக்கே இதுல."

"அது…" அவன் தொப்பியைக் கையில் திருப்பினான். "களஞ்சியம் இப்போ. தன் காதுல சத்தம் விழணும்னு அவர்தான் கேட்டுக்கிட்டாரு. வீட்டு மரச்சட்டம் அவர் காலத்துக்கு அப்புறம். அடக்கம் முடிஞ்சு நாப்பது நாள்."

திர்சா காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. இந்த வீட்டைத் தவிர வேறு எங்கும் அவள் ஓர் இரவு தூங்கியதில்லை.

பத்து மணிக்குத் தம்பி க்ளெமென்ட் சைக்கிளில் வந்து சேர்ந்தான். சாலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று மைல் தள்ளி, மனைவி ஐவியோடு மாமனாரின் பண்ணையில் அவன் இருந்தான். அப்பாவுக்குப் பிறகு இங்கே வருவதாக ஏற்பாடு. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நேராக மாடிக்கு ஏறினான். படியின் திருப்பத்தில் தலையை இடித்துக்கொண்ட சத்தம் கீழே கேட்டது. திர்சா பின்னாலேயே போனாள்.

"நிலம் எனக்குன்னு சொன்னீங்க," என்றான்.

"உனக்குத்தான். யாரு இல்லைன்னா?"

"கட்டடம் இல்லாத நிலத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கதிரை அறுத்து எங்க கொண்டுபோய் வைக்கறது, உங்க தொப்பியிலயா?"

எஃப்ரெய்மின் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. "நீ தகரம் போடுவே. உன் மாமனார் கொட்டகைக்கு ஓடுங்களைப் பிரிச்சுட்டுத் தகரம் போட்டியாமே. கேள்விப்பட்டேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

"பணம் எங்க?"

"சர்ச் கோபுரத்துக் கூரைக்கு. பாதிரியார் வந்து வாங்கிட்டுப் போயாச்சு."

"நீங்க சர்ச்சுக்குப் போயே பத்து வருஷம் ஆகுது."

"கோபுரத்துல இருக்கற மரம் நல்ல மரம்," என்றார் எஃப்ரெய்ம். "மழை இறங்குது."

க்ளெமென்ட் கட்டிலின் கால்மாட்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாற்பத்துநாலு வயது ஆள், அழுதுவிடுவான் போலிருந்தது. "செத்தப்புறமாவது எங்களை நிம்மதியா விடுவீங்கன்னு நெனச்சேன்."

"நான் இன்னும் சாகலையே. கதவைச் சாத்திட்டுப் போ."

கீழே வந்ததும் அவன் ஒரு கோப்பை தண்ணீர் குடித்தான். நெற்றியில் இடித்த இடம் வீங்கியிருந்தது.

"உனக்கு இது தெரியுமாக்கா?"

"இன்னைக்குக் காலையிலதான்."

"தெரிஞ்சிருந்தா அந்த லண்டன்காரன் டீயில எதையாவது போட்டிருக்கலாம்." அவன் சிரிக்கவில்லை. சைக்கிளை நிமிர்த்திவிட்டு, போகிற போக்கில் நினைத்துக்கொண்டவன்போலத் திரும்பினான். "ஐவிகிட்ட சொல்றேன். அவ அம்மாவும் படுத்த படுக்கையாயிடும்போல. பின்கட்டுல ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. கழுவறது, புரட்டறது எல்லாம் உனக்குப் பழக்கமாச்சே."

"சரி," என்றாள் திர்சா.

பதினொன்றரைக்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் இருந்தது ஜன்னல். அவரால் எதையும் பார்க்க முடியாது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தடித்த கட்டையொன்றை முளையின் வாலில் வைத்து அடிக்கிற சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"நல்ல ஆளு," என்றார். "பாரு, மூணு அடி. முளை வெளியில வந்துடுது. இளசுன்னா எட்டு அடிப்பான்."

அவள் ஸ்பூனை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"நான் எங்கப்பா போறது?"

மென்று விழுங்க அவருக்கு நேரம் பிடித்தது. "உனக்கென்ன. கை கால் நல்லாத்தானே இருக்கு."

"பொறந்ததுலேருந்து இங்கதானே…"

"நீயும் நானும் எவ்வளவு நாளைக்கு? எண்பது, தொண்ணூறு. அது ஐந்நூறு வருஷமா நிக்குது. அந்த ஊர்லயும் ஐந்நூறு வருஷம் நிக்கும். உங்ககிட்ட விட்டுட்டுப் போனா இருபது வருஷம் தாங்குமா?" வாயோரத்தில் பால் வழிந்தது. அவள் துடைத்தாள். "எட்டிப் பாரு. ஓடுங்களைக் கூடையில வச்சு இறக்கறானுங்களா? தூக்கிப் போட விடாதே. அன்னைக்கு லயனல் பதினோரு ஓடு உடைச்சான்."

திர்சா ஸ்பூனைக் கிண்ணத்துக்குள் வைத்தாள்.

லயனல் அவள் கடைசித் தம்பி. பதினெட்டு வருஷங்களுக்கு முன்னால், ஒரு ஜனவரிக் காலையில், களஞ்சியத்துக் கூரையில் நழுவிய ஓடுகளைச் சரிசெய்ய அப்பா அவனை ஏற்றினார். கூரை முழுக்க உறைபனி. "மதியம் வரைக்கும் பொறுக்கலாமே அப்பா, வழுக்குது," என்று அவன் ஏணியின் பாதியில் நின்று சொன்னது அவளுக்குச் சமையலறையில் கேட்டது. பார்லியில் ஈரம் இறங்குகிறது என்றார் அப்பா. பத்து நிமிஷத்தில் அவன் விழுந்தான். அவள் ஓடி வந்தபோது அப்பா கற்களின்மேல் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அவர் உடைந்த ஓடுகளைப் பொறுக்கி, எது எதை மறுபடியும் போடலாம் என்று புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். லயனலுக்கு அப்போது பதினாறு வயது.

அன்றிலிருந்து அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி அவள் கேட்டதில்லை. துக்கம் போல என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள். சாகும்போது அம்மா அவரை மன்னித்துவிட்டதாகச் சொன்னதும் அதே நினைப்பில்தான்.

"கூடையிலதான் இறக்கறாங்க," என்றாள்.

"நல்லது."

பன்னிரண்டு மணிவாக்கில் ரம்பம் அறுக்கிற சத்தம் ஆரம்பித்தது. இரண்டு பேர் இழுக்கிற நீள ரம்பம். எஃப்ரெய்மின் கண்கள் திறந்தன.

"அது என்ன ரம்பம்?"

திர்சா ஜன்னலுக்குப் போனாள். கீழே, லாரிக்குப் பக்கத்தில், ஆட்கினும் இன்னொருவனும் புதிய பைன் கட்டைகளை அளந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். நீளமான மரங்கள் வழியில் புரளாமல் இருக்க லாரிமேல் தொட்டில்போல ஒன்று கட்டுவதற்காக. முதல் தூலம் ஏற்கெனவே இறங்கியிருந்தது. சாக்கு விரித்து, நாலு பேர் அதைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். அதன் முனையில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு எண் எழுதியிருந்தது.

"இதுல ரம்பத்துக்கு வேலையே இல்லையே," என்றார் அப்பா பின்னாலிருந்து. "திர்சா. எதை அறுக்கறாங்க?"

அவள் கீழே பார்த்தபடியே நின்றாள்.

"தூலத்தை," என்றாள்.

"என்ன?"

"பெரிய தூலத்தை அறுக்கறாங்கப்பா. லாரியில ஏத்த நீளம் அதிகமாம்."

அவள் திரும்பினாள். அவர் வாய் திறந்திருந்தது. கம்பளியின்மேல் ஒரு கை மட்டும் எதையோ தேடுவதுபோல நகர்ந்தது.

"எத்தனையா?"

"மூணு துண்டா."

"நிறுத்தச் சொல்லு. ஆட்கினைக் கூப்பிடு. முழுசா எடுக்கணும்னு எழுதியிருக்கு. எழுதி வாங்கியிருக்கேன்."

"கேட்டேன். வித்தாச்சு, இனி எங்க பொருள்னு சொல்றாங்க."

"அமெரிக்காவுக்கு…"

"அங்க யாருக்கு முழுக் களஞ்சியம் வேணும்? கூரை ஓட்டுக்கு மட்டும்தான் விலை இருக்காம். மீதியைப் பலகையா அறுக்கறாங்க. தூணோட அடிக்கட்டை எல்லாம் விறகுக்கு."

சொல்லும்போது தன் குரல் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கஞ்சி ஆறிவிட்டது, கொஞ்சம் சூடு பண்ணட்டுமா என்று கேட்பதுபோல இருந்தது.

"என்னைத் தூக்கு," என்றார். "ஜன்னல்கிட்டக் கொண்டு போ."

இரண்டு வருஷமாக அவள் அவரைத் தூக்கியிருக்கிறாள். இப்போது அவர் ஒரு மூட்டை கோதுமைகூடக் கனக்கமாட்டார்.

"என்னால முடியாதுப்பா. கனக்கறீங்க."

அவர் அவளைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, அதற்குப் பிறகு அவளிடம் கேட்கவில்லை. முழங்கையை ஊன்றித் தானே எழப் பார்த்தார். பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே சரிந்து, தலை தொங்கி, ஒரு கை தரையைத் தொட்டது. அவள் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் படுக்க வைத்தாள். மூச்சு இரைத்தது. நெஞ்சுக்குள் ஏதோ தண்ணீர் கொதிப்பதுபோலச் சத்தம் வர ஆரம்பித்தது.

கீழே கதவு தட்டப்பட்டது. இறங்கிப் போனாள். ஆட்கின் உள்ளங்கையில் ஒரு மரமுளையை வைத்துக்கொண்டு நின்றான். ஒரு ஜாண் நீளம். கருத்து, வழவழப்பாக, செதுக்கியவனின் கத்தித்தடம்கூட அழியாமல் இருந்தது.

"பெரிய தூலத்தோட முளைம்மா. ஒரு கீறல் இல்லாம வந்துச்சு. பெரியவர் கையில கொடுத்தா சந்தோஷப்படுவாரு. அதுக்குப் பதிலா நாங்க வேற ஒண்ணு செதுக்கிக்கறோம்."

"கொடுக்கறேன்," என்று வாங்கிக்கொண்டாள்.

அவன் போனபின் சமையலறையின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். அடுப்பின் கதவைத் திறந்து முளையை உள்ளே போட்டாள். ஐந்நூறு வருஷம் காய்ந்த மரம். உடனே பற்றிக்கொண்டது.

மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். தைக்க வேண்டிய காலுறை ஒன்று கூடையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டாள். ரம்பம் நின்றது. மறுபடியும் ஆரம்பித்தது.

"இப்போ?" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"ரெண்டாவது தூலம்."

கொஞ்ச நேரம் கழித்து, "தூணுங்க?"

"அதுக்குக் கோடாலி எடுக்கறாங்க."

அவர் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. அம்மாவுக்காகவோ லயனலுக்காகவோ அவர் அழுது அவள் பார்த்ததில்லை. துடைக்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்து துடைத்தாள். அப்போது, ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பதும் தெரிந்தது. பொய் சொன்னேன், ஒவ்வொரு துண்டையும் சாக்கில் சுற்றிவைக்கிறார்கள். அவ்வளவுதான். அந்த வார்த்தை அவள் நாக்குவரைக்கும் வந்தது. திரும்பி உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோத்தாள்.

இரண்டரை மணிக்கு அவர் விரல்கள் கம்பளியைப் பிய்க்க ஆரம்பித்தன. மூன்று மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் ஒரு மூச்சு போனது. அடுத்தது வரவில்லை. கீழே ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்தத் தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு போய்க் கண்களை மூடினாள்.

சவப்பெட்டி அந்தப் படியில் இறங்காது. இந்த வீட்டைக் கட்டியவர்களுக்கே அது தெரியும். அதனால்தான் பெரிய படுக்கையறையின் தரையில், இரண்டு உத்திரங்களுக்கு நடுவே, ஆணி அடிக்காத ஆறு பலகைகள் இருந்தன. அவற்றை எடுத்தால் நேர் கீழே சமையலறை. இந்த வீட்டு மாடியில் செத்த எல்லோரும் அந்த வழியாகத்தான் இறங்கினார்கள்.

சனிக்கிழமை காலை க்ளெமென்டும் சர்ச்சிலிருந்து வந்த இரண்டு பேரும் பலகைகளை எடுத்தார்கள். கயிறு பிடிக்க ஆள் பற்றவில்லை. ஆட்கின் தன் ஆட்களோடு, தன் கயிறுகளோடு வந்தான். சமையலறை மேஜையை ஒதுக்கிவிட்டு அவர்கள் கீழே நின்றார்கள். கூரையில் திறந்த அந்த நீள்சதுரத்தின் வழியாகப் பெட்டி மெல்ல மெல்லக் கீழே வந்தது.

"இந்தப் பக்கம் கொஞ்சம் தளர்த்து," என்றான் ஆட்கின். "உத்திரத்துல உரசிடாம."

ஒரு இடத்திலும் உரசவில்லை. பெட்டியை மரக்கட்டைமேல் இறக்கி வைத்ததும் அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே அவள் பக்கத்தில் வந்தான்.

"நாப்பது வருஷமா மரம் பாக்கறேன்மா. இப்படி ஒண்ணு பாத்ததில்லை. அஞ்சு தூலம், பத்து தூண், ஒண்ணுலகூட உளுத்த இடம் இல்லை. அப்படியே ரயில் ஏத்தியாச்சு." குரலைத் தாழ்த்தினான். "கடைசி நேரத்துல அவருக்கு நினைவு இருந்துச்சா? வேலை எப்படி நடக்குதுன்னு சொல்ல முடிஞ்சுதா?"

"கேட்டுக்கிட்டே இருந்தார்," என்றாள் திர்சா. "சொன்னேன்."

"அது போதும்மா. அந்த நிம்மதி எல்லாருக்கும் கிடைக்காது."

ஐவி கறுப்புக் கையுறையோடு வாசலில் நின்று, வண்டி வந்துவிட்டது என்று கூப்பிட்டாள். பிறகு திர்சாவின் கைகளைப் பார்த்து, "கையை நல்லாக் கழுவிட்டு வா. அம்மாவுக்குக் களிம்பு வாசனையே ஆகாது," என்றாள்.

திங்கட்கிழமை திர்சா அந்தக் கட்டிலின் விரிப்புகளைத் துவைத்தாள். மூன்று விரிப்பு, இரண்டு தலையணை உறை. கொதிக்கவைத்து, அலசி, பிழிந்து, முற்றத்துக்குக் கொண்டுவந்தாள். அந்த முற்றத்தில் அக்டோபர் மாதத் துணி காய எப்போதும் இரண்டு நாள் ஆகும், களஞ்சியம் காற்றை மறைத்துவிடும்.

களஞ்சியம் இருந்த இடத்தில் செங்கல் அடித்தளம் மட்டும் நீளமாகக் கிடந்தது. அதற்கு அப்பால் உழுத வயல், அதற்கு அப்பால் பக்கத்து ஊரின் காற்றாலை. அங்கே அப்படி ஒரு காற்றாலை இருப்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இந்த முற்றத்தில் நின்று அதைப் பார்த்ததில்லை.

முதல் விரிப்பைக் கயிற்றில் போட்டதுமே கடல் பக்கத்திலிருந்து வயல்களைத் தாண்டி வந்த காற்று அதைப் பிடுங்கிக்கொண்டது. அவள் இரண்டு கையாலும் பிடித்து இறுக்கினாள். விரிப்பு படபடத்துக்கொண்டு முற்றத்தின் குறுக்கே மட்டமாக நீண்டது. இரண்டாவதைப் போட்டாள், மூன்றாவதையும் போட்டாள்.

பத்து மணிக்கெல்லாம் எல்லாம் காய்ந்துவிட்டன. குளிரில் விறைத்திருந்த துணிகளை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.